பெட்டி வாசலில் கிடந்த செருப்பு

மூடிய பெட்டிக்குள் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வெளியே நின்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மந்திரப் பள்ளியின் முற்றத்தில் லாரிகள் புகை விட்டுக்கொண்டு நின்ற ஒரு முற்பகலில், ஊசியக்கா தொண்டை கிழியக் கேட்ட கேள்வி இது. கடைசித் தேர்வை எழுதி முடித்துவிட்டு, இனி நமக்குத் தெரியாதது உலகத்தில் என்ன இருக்கிறது என்ற மிதப்பில் நின்ற மாணவர்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் இதை எழுதுகிறவனும் நின்றான். அவனுக்கும் தெரியவில்லை.

ஊசியக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பள்ளியில் யாருக்கும் அது தெரியாது. வேலை அங்கியின் கழுத்துப்பட்டியில் எப்போதும் வரிசையாக ஊசி குத்தி வைத்திருப்பார். அதனால் அந்தப் பெயர் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். அவரிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கிய மாணவர்கள் அப்படி நினைக்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால், "ஏம்பா, அது பெட்டியா, உன் பாட்டன் வளர்த்த எருமையா? தூக்கிட்டுப் போ!" என்பார். தூக்கிக்கொண்டு போனால், "பெரிய பயில்வான், கீழ போட்டு மூலையை நசுக்கு!" என்பார். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத் தலையை லேசாக ஆட்டினால், அதுதான் பாராட்டு.

அவர் வேலை பெட்டிக்கு உள்துணி தைப்பது. பள்ளியில் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டிரங்குப் பெட்டி கிடைக்கும். கறுப்புப் பெயின்ட், மூலைகளில் பித்தளைத் தகடு, இரண்டு பக்கமும் தோல் பிடி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே முகம்தான். வெளியே பார்த்தால் இரண்டு தலையணை வைத்தாலே நிரம்பிவிடும் போலிருக்கும். மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தால் கிணற்று ஆழம். ஒரு வருடத்துப் புத்தகம், குளிர்காலத் துணி, சுருட்டிய பறக்கும் பாய் எல்லாம் உள்ளே போகும். இறங்கி எடுக்கக் கயிற்று ஏணி உண்டு. மூடிவிட்டால் எடையும் போய்விடும், சத்தமும் போய்விடும். உள்ளே பீரங்கி வெடித்தாலும் வெளியே கேட்காது. மூடும்போது சொந்தக்காரர் பூட்டிடம் ஒரு சொல்லைச் சொல்வார். அதே குரல் அதே சொல்லைச் சொன்னால்தான் திறக்கும். பள்ளி முதல்வர் வந்து கெஞ்சினாலும் திறக்காது. உடைத்துத் திறக்கலாமே என்றால், உடைத்த நொடியில் உள்ளே இருக்கும் ஆழம் இல்லாமல் போய்விடும். அதில் இருந்ததும் ஆழத்தோடு போய்விடும்.

இவ்வளவு மந்திரம் இருக்கிற இடத்தில் ஊசிக்கும் நூலுக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். பெட்டியின் மந்திரத்துக்கும் தையல் மந்திரத்துக்கும் ஆகாது. மந்திரத்தால் போட்ட தையல் மறுநாளே பிரிந்து தொங்கும். ஆகவே ஆள் உள்ளே இறங்கி, கிழிசலில் கோந்து தடவி ஒட்டி, அதன் மேல் கையால் தைக்க வேண்டும். அந்தக் கோந்தின் நெடி பொல்லாதது. மூடி திறந்திருக்கும்போதே தலை கிறுகிறுக்கும். அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி இறங்குவார்கள்.

இதனால்தான் தையல் கொட்டகையில் எல்லோரும் உயிர் போல மதித்த விதி ஒன்று இருந்தது. பெட்டிக்குள் இறங்குகிறவர் செருப்பைப் பெட்டியின் முன்னால் கழற்றி வைக்க வேண்டும். செருப்பு கிடந்தால் அந்த மூடியை யாரும் தொடக் கூடாது. மூடிக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் திறந்து வைப்பது எல்லோரும் செய்வதுதான், காற்றாட. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செருப்புதான் சாட்சி. முதல்வரே வந்தாலும் செருப்பைச் சுற்றித்தான் நடப்பார்.

ஊசியக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதிலேயே தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தார். தம்பி வளர்ந்து, பள்ளிச் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். அந்தப் பெண் வாசலில் நின்றபடியே வீட்டின் சுவர், கதவு, தண்ணீர்க் குழாய், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் பற்றி மூச்சுவிடாமல் பேசி முடித்தாள். "இது என்னடா, மைனாவைப் பிடிச்சுட்டு வந்திருக்கே?" என்றார் ஊசியக்கா. அன்றிலிருந்து அவள் மைனா.

மைனாவுக்கும் கை நன்றாக ஓடும். ஊசியக்கா அவளைக் கொட்டகையில் சேர்த்துக்கொண்டார். பெட்டிக்குள் இறங்கியும் மைனா பேச்சை நிறுத்த மாட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து வானொலி பாடுவது மாதிரி, திறந்த மூடி வழியாக அவள் குரல் வந்துகொண்டே இருக்கும். கேட்க ஆள் இல்லையென்றால் நூலோடு பேசுவாள். இதில் ஒரு வசதி: மைனா எந்தப் பெட்டியில் இருக்கிறாள் என்று செருப்பைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

விடுமுறைக்குப் பெட்டிகள் கிளம்பும் அன்று காலையில் வீட்டில் சண்டை. சமையலறையும் ஓர் அறையும் உள்ள வீடு அது. சண்டை போட்டால் ஒதுங்கக்கூட இடமில்லை. முந்தின நாள் மைனாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. விடிந்ததும் அவள் யாரையும் கேட்காமல் ஊசியக்காவின் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஊசியக்கா தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார். தம்பியின் காலோ படகு. நடக்க நடக்கப் பட் பட்டென்று அடித்தது.

"கழட்டுடி அதை!"

"நடுத்தெருவிலயா அண்ணி? கொட்டகைக்குப் போய்க் கழட்டறேன்."

"அறுந்த வாரைத் தைக்க நேரமில்ல. ஊர் வாயையெல்லாம் தைக்க மட்டும் நேரமிருக்கு மகாராணிக்கு."

"ஊர் வாயை நான் எங்க தைக்கறேன்? அண்ணி வாயைத்தான் தைக்கணும், நூல் பத்தாது."

இதைக் கேட்டு எதிரே வந்த சைக்கிள்காரர் சிரித்துவிட்டார். அதுதான் தாங்கவில்லை ஊசியக்காவுக்கு. "என் தம்பி கண்ணு அன்னைக்கு எங்க போச்சோ தெரியல" என்று ஆரம்பித்து, சொல்லக் கூடாத ஒன்றிரண்டையும் சொல்லிவிட்டார். மைனா நின்றாள். அவள் முகம் மாறியது.

"சரி அண்ணி. இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளுங்க."

"அப்படி ஒரு நல்ல காலம் எனக்கு வருமா?"

வந்துவிட்டது. கொட்டகைக்கு வந்த மைனா கருவிப் பையை எடுத்துக்கொண்டு, ஊசியக்கா இருந்த பக்கமே திரும்பாமல் முற்றத்துக்குப் போனாள்.

முற்றம் முழுக்கப் பெட்டிகள் வரிசை வரிசையாக நின்றன. மாணவர்கள் கடைசிச் சாமானைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் மூடிய பெட்டிகளைக் கைக்கு இரண்டாகத் தூக்கி லாரியில் அடுக்கினார்கள். ஊசியக்கா வரிசைகளுக்கு நடுவே கடைசிப் பார்வை பார்த்துக்கொண்டு வந்தார். பிடி தளர்ந்திருக்கிறதா, தகடு எழும்பியிருக்கிறதா என்று. அப்போதுதான் மூடி திறந்திருந்த ஒரு பெட்டியின் முன்னால் அந்தச் செருப்பைப் பார்த்தார்.

அவருடைய செருப்பு.

அந்த ஒரு நொடியில் அவர் மனதில் என்ன ஓடியது என்பதைப் பிறகு பலமுறை அவரே சொல்லியிருக்கிறார். வேறு யாருடைய செருப்பாக இருந்தாலும் கை போயிருக்காது. விதி ரத்தத்தில் ஊறியிருந்தது. ஆனால் அது சொந்தச் செருப்பு. மைனாதான் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள் என்பதும் தெரியும். அன்றைய வேலை எல்லாம் முந்தின நாளே முடிந்திருந்தது. எந்தப் பெட்டியிலும் ஆள் இறங்க வேண்டியதில்லை. பெட்டிக்குள்ளிருந்து குரலும் இல்லை. ஆகவே மைனா ரோஷத்தில் செருப்பை எறிந்துவிட்டு வெறுங்காலோடு போயிருக்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. 'வெயில்ல கால் சுட்டா தானா வழிக்கு வருவா' என்று முணுமுணுத்துக்கொண்டே தம்பியின் செருப்பைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, தன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் ஏறியது. பெரும்பாலான பெட்டிகள் லாரி ஏறிவிட்டன. மாணவர்கள் ஊருக்கு ஊர் பிரிந்து போகும் பேருந்துகளுக்காகக் கும்பல் கும்பலாக நின்றார்கள். கொட்டகையில் டீ வந்தது. மைனா டீக்கு வராமல் இருந்ததே இல்லை. சண்டை போட்ட நாளில் இரண்டு டம்ளர் குடிப்பாள்.

"எங்கடா உன் பெண்டாட்டி?" என்று சலவைக் கூடத்திலிருந்து வந்த தம்பியைக் கேட்டார் ஊசியக்கா.

"உங்ககூடத்தானே அக்கா வந்தா?"

"கோவிச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பா."

"நான் இப்பத்தான் வீட்டுப் பக்கமா வரேன். பூட்டித்தான் கிடக்கு."

ஊசியக்கா டம்ளரைக் கீழே வைத்தார். கண் தானாக மேலே போனது. கொட்டகைச் சுவரில் விளக்குகள் மாட்டும் ஆணிகள் உண்டு. பெட்டிக்குள் இறங்கும்போது மட்டும் எடுக்கிற சின்ன எண்ணெய் விளக்குகள். மைனாவின் ஆணி வெறுமையாக இருந்தது. கீழே பார்த்தார். கோந்து டப்பா ஒன்று குறைந்தது. பிறகு இன்னும் கீழே, தன் காலைப் பார்த்தார்.

அவர் கத்தவில்லை. அந்தச் செருப்பை உதறிவிட்டு ஓடினார்.

முதல் லாரி நகர்ந்துவிட்டிருந்தது. இறக்கத்தில் வாசற்கதவை நோக்கி உருண்டுகொண்டிருந்த அதன் முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பிரேக் கிறீச்சிட்டது. பம்பர் அவருடைய அங்கியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "சாகறதுக்கு என் லாரிதான் கிடைச்சுதா?"

"உள்ளே ஆள் இருக்கு. பெட்டிக்குள்ளே ஆள் இருக்கு. எந்தப் பெட்டின்னு தெரியல."

டிரைவர் மறுபேச்சுப் பேசாமல் எஞ்சினை அணைத்தார். மற்ற லாரிகளும் நின்றன. விடுதிக் காப்பாளர் வேகமாக வந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். அந்தக் கண்ணாடி வழியாகச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்த மிட்டாயைக்கூடப் பார்த்துவிடுவார் என்று விடுதியில் பேச்சு. ஆனால் பெட்டியை மட்டும் அதனாலும் துளைக்க முடியாது.

"எந்தப் பெட்டியில வேலை கொடுத்தீங்க அவங்களுக்கு?" என்று கேட்டார்.

"எதுலயும் கொடுக்கல ஐயா."

"அப்புறம் ஏன் இறங்கினாங்க?"

ஊசியக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். மைனா மாணவர்களுக்குக் கள்ளப் பை தைத்துக் கொடுக்கிற விஷயம் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். உள்துணிக்குப் பின்னால் இன்னொரு துணி. சோதனையில் சிக்காத இடம். விடுதியின் சட்டப்படி அது பெரிய குற்றம். சொன்னால் மைனாவின் வேலை போகும், தெரிந்தும் சும்மா இருந்ததற்கு ஊசியக்காவின் வேலையும் போகலாம். அவர் ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை.

"திருட்டுத்தனமா பை தைக்க இறங்கியிருப்பா. கேக்கறவங்களுக்கெல்லாம் தைச்சுக் கொடுப்பா, பாவி. கோந்து டப்பா உள்ளே இருக்கு ஐயா. பெட்டி மூடியிருக்கு. நெடியில மூச்சு நின்னுரும். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க!"

காப்பாளர் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார். "எல்லாரும் வாங்க! அவங்கவங்க பெட்டியைத் திறங்க!"

யாரும் அசையவில்லை.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. போன வருடம் இதே நாளில், விடுதிப் பூனை ஏதோ ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது என்று சொல்லி எல்லோரையும் திறக்க வைத்தார் காப்பாளர். பதறிப்போய்த் திறந்தார்கள். பூனை சமையலறையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் திறந்த பெட்டிகளில் இருந்த தடை செய்யப்பட்ட சாமான்களையெல்லாம் காப்பாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். சிலர் அதற்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

"போன தடவை பூனை, இந்தத் தடவை மைனாவா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

"அடுத்த வருஷம் யானை காணோம்னு சொல்வாங்க!"

"ஊசியக்கா, உங்களுக்கு நடிக்க வரும்னு சொல்லவே இல்லையே!"

அப்போதுதான் ஊசியக்கா லாரியின் படியில் ஏறி நின்று கேட்டார். "அறிவாளிப் பிள்ளைங்களா! மூடின பெட்டிக்குள்ளே ஆள் இருக்கா இல்லையான்னு வெளியே நின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? சொல்லுங்க! இத்தனை வருஷம் படிச்சீங்களே, யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க! நான் உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்!"

சிரிப்பு நின்றது. ஊசியக்கா யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வெறுங்காலோடு, கழுத்துப்பட்டியில் ஊசிகள் கோணலாகக் குத்தி நிற்க, அவர் இரண்டு கையையும் கூப்பினார். ஆனாலும் ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைத்தான் பார்த்தார்கள். என் பெட்டியில் இல்லை, வேறு யார் பெட்டியிலோ, அவர் திறக்கட்டும். எல்லோருக்கும் அதே எண்ணம்.

கடைசி வருட மாணவன் ஒருவன் முன்னால் வந்தான். "அக்கா, நாங்க நம்பறோம். அவரைத்தான் நம்ப மாட்டோம்." காப்பாளரைக் காட்டினான்.

ஊசியக்கா படியிலிருந்து இறங்கிக் காப்பாளரிடம் போனார். "ஐயா, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"அம்மா, எனக்குன்னு ஒரு கடமை இருக்கு..."

"திரும்பினா போதாது!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். "அவருக்கு முதுகிலயும் கண்ணு!"

காப்பாளரின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். லாரிகளில் அடுக்கியிருந்த கறுப்புப் பெட்டிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஊசியக்காவின் கையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் கண்கள் சின்னதாக, குழந்தையின் கண் போல இருந்தன. "இது இல்லாம என் கையே எனக்குத் தெரியாது. அது எல்லாருக்கும் தெரியும்" என்றார் சத்தமாக. கையால் துழாவிக்கொண்டு போய், மதில் சுவரைத் தொட்டு, அதைப் பார்த்து நின்றார்.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. முண்டியடித்துக்கொண்டு லாரியில் ஏறினார்கள். தத்தம் பெட்டியைத் தேடி, பூட்டில் வாயை வைத்துச் சொல்லைச் சொன்னார்கள். மூடிகள் படபடவென்று திறந்தன. ஒரு பெட்டியில் தானாகக் கொதிக்கும் கெட்டில் விசிலடித்தது. இன்னொன்றில் பள்ளி மணியின் நாக்கு கிடந்தது. மணி மாதக்கணக்கில் ஒலிக்காததற்கு ஈரக்காற்றைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊசியக்காவுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் தலையை விட்டு, "மைனா! ஏய் மைனா!" என்று கத்திவிட்டு அடுத்ததற்குத் தாவினார். தம்பி மறுபக்கத்திலிருந்து அதையே செய்துகொண்டு வந்தான். அவன் குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

முதல் லாரியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது லாரியின் கடைசி மூலையில், திறந்த மூடிகளுக்கு நடுவே, ஒரே ஒரு பெட்டி மூடியிருந்தது.

"இது யாரோடது?"

கூட்டம் விலகியது. நடுவில் ஒரு எட்டாம் வகுப்புப் பெண் நின்றாள். இரட்டைச் சடை, பயத்தில் வெளுத்த முகம். அவளுடைய அம்மாவின் சமையலறை தெரியும் மந்திரக் கண்ணாடிச் சில்லு ஒன்று அவளிடம் இருந்தது. வீடு தெரியும் சில்லு விடுதியில் கூடாது. பார்த்துப் பார்த்து அழுவார்கள் என்று தடை. அதை ஒளித்து வைக்க ஒரு பை வேண்டும் என்று அன்று காலையில்தான் மைனாவிடம் கெஞ்சியிருந்தாள்.

"செருப்பு இல்ல அக்கா" என்றாள். "நான் பார்த்தேன். சத்தியமா செருப்பு இல்ல, உள்ளே பேச்சுச் சத்தமும் இல்ல. தைச்சு முடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு மூடிட்டேன்."

"தெரியும்மா. திற."

அவள் லாரியில் ஏறிப் பூட்டில் வாயை வைத்துச் சொன்னாள். திறக்கவில்லை. மறுபடி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அழுகை கூடியது, ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் கோணியது. மூடும்போது அவள் ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் இருந்தவள். பூட்டுக்கு அந்தக் குரல்தான் தெரியும். இந்த விம்மலும் விசும்பலும் அதற்கு வேறு யாரோ.

"பயப்படாதே, மூச்சை இழுத்து விடு" என்றார் டிரைவர். அவள் இன்னும் அழுதாள். "சீக்கிரம், சீக்கிரம்!" என்றார்கள் கீழே நின்றவர்கள். அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. தம்பி பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, உதடு அசைய ஏதோ வேண்டிக்கொண்டிருந்தான்.

ஊசியக்கா அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை, வாழ்நாளில் பழகாத வேலை. வந்தது இதுதான்:

"ஏண்டி, இதென்ன மூக்கு, மலைப்பாதை மாதிரி? லாரியே போகும் போலிருக்கே! உறிஞ்சாதே, டிரைவர் எஞ்சின் ஓடுதுன்னு நினைச்சுக் கிளப்பிடப் போறார்!"

அந்தப் பெண் திகைத்து நிமிர்ந்தாள்.

"என்ன பார்க்கறே? உள்ளே இருக்கறவ என் தம்பி பெண்டாட்டி. இத்தனை நேரம் பேச ஆள் இல்லாம உன் குளிர்காலச் சட்டைங்ககிட்ட கதை சொல்லிட்டிருப்பா. அதுங்க காது செவிடாகறதுக்குள்ளே வெளியே எடுக்கணும்டி!"

ஊசியக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் எப்போதும் போல, முற்றத்தில் பெட்டி இழுக்கிறவர்களைத் திட்டுகிற அதே குரல். அந்தப் பெண்ணுக்குத் தன்னை அறியாமல் களுக்கென்று ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

"இப்ப சொல்லு!"

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சொன்னாள். பூட்டு க்ளிக் என்றது.

மூடி திறந்ததும் கோந்து நெடி முகத்தில் அறைந்தது. அடியில் விளக்கு அணைந்து இருட்டு. தம்பி ஏணியைக்கூடப் பிடிக்காமல் இறங்கினான். மேலே டிரைவரும் மாணவர்களும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். மைனாவின் தலை முதலில் வந்தது. கண் பாதி மூடியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. லாரியின் நிழலில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். ஊசியக்கா தன் அங்கியால் விசிறினார். விசிறிக்கொண்டே இருந்தார். ஊசி ஒன்று கழன்று அவர் விரலில் ஏறியதைக்கூட உணரவில்லை.

மைனா இருமினாள். மூச்சு ஒன்று பெரிதாக உள்ளே போனது. பிறகு இன்னொன்று.

கண் திறந்து முதலில் பார்த்தது ஊசியக்காவைத்தான்.

"நான்தாண்டி" என்றார் ஊசியக்கா. எல்லோர் முன்னிலையிலும், சத்தமாக. "என் செருப்புன்னு நான்தாண்டி எடுத்தேன்."

கத்திக் கத்திக் குரல் போயிருந்தது மைனாவுக்கு. காற்று மாதிரிதான் பேச்சு வந்தது. "தெரியும் அண்ணி."

"என்னடி தெரியும்?"

"நீங்க வந்து எடுத்தது. பட் பட்டுன்னு அவரு செருப்புச் சத்தம் கேட்டுது. முணுமுணுத்தீங்களே, அதுவும் கேட்டுது."

"அப்ப நான் இங்க இருக்கேன்னு ஒரு குரல் கொடுக்கறதுக்கு என்ன?"

மைனா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உங்ககிட்ட பேச மாட்டேன்னு சொல்லியிருந்தேனே."

ஊசியக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உன் ரோஷத்துல தீயை வைக்க" என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை. மைனாவின் தோளில் ஓர் அடி வைத்தார். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தம்பி யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர்ச் செம்போடு நின்றான்.

மதில் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "உயிரோட இருக்காங்களா? யாராவது சொல்லுங்களேன்!" காப்பாளர் இன்னும் சுவரைப் பார்த்தே நின்றுகொண்டிருந்தார்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் பெட்டிகள் எல்லாம் மூடிக்கொண்டன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "நான் எதையும் பார்க்கல" என்றார் அவர். "ஆனா காது எனக்கு நல்லாவே கேட்கும்." கள்ளப் பை விஷயத்துக்குத் தண்டனையாக மைனாவை மாணவர் பெட்டிகளிலிருந்து விலக்கி, ஆசிரியர் பெட்டிகளுக்கு மட்டும் தைக்கச் சொன்னார்கள். முதல் வாரமே ஆசிரியர் ஒருவர் கொட்டகைப் பக்கம் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு பை வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாராம். மைனா சொன்னது இது, எவ்வளவு உண்மையோ.

செருப்பு விதி இன்றும் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. மூடியைத் தொடுகிறவர் முதலில் தலையை உள்ளே விட்டு, "யாரு உள்ளே?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர், கேட்டவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியை ஊசியக்காதான் பிடிவாதமாகச் சேர்க்க வைத்தார்.

அன்று அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. மூடின பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை. மூடுவதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்.

பள்ளியை விட்டு வந்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறோம். பெட்டிகளும் எங்களோடு வந்துவிட்டன. அவற்றில் சில கை மாறி, கொட்டகையையோ விதியையோ அறியாத வீடுகளுக்குப் போயிருக்கும். ஆகவே இதைப் படித்தவர்கள், பெட்டி வைத்திருக்கிற ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் யாரோடாவது பேசாமல் இருப்பவரைத் தெரிந்தால், அவருக்கு முதலில் சொல்லுங்கள். ஊசியக்கா சொல்லச் சொன்னார் என்று சொல்லுங்கள். திட்டு விழுமே என்ற பயத்திலாவது கேட்பார்கள்.